உயிர்க்கேற்ற உணவு

காட்டில் வாழும் விலங்கு தன் உணவைத் தானே தேர்ந்துகொள்கிறது. மான் ஒவ்வாத இலையை முகர்ந்து பார்த்து விலகிச் செல்லும். தாய் மேயும் புல்லைக் கண்டு குட்டியும் மேயக் கற்கும். பசித்தால் தேடுதலும், வயிறு நிறைந்தால் நிறுத்துதலும் அவற்றின் இயல்பு. ஆனால், மனிதன் ஒரு விலங்கின் கழுத்தில் கயிற்றைக் கட்டிய அன்றே அதன் தேர்வுரிமை போய்விடுகிறது. அன்று முதல் அவன் வைத்ததே அதற்கு உணவு. அவன் வார்த்ததே அதற்கு நீர். ‘இஃது எனக்கு ஒவ்வாது’ என்று எடுத்துரைக்கும் வாய் அதற்கு இல்லை. ஆகவே, கட்டியவனே அதன் பொருட்டும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவன் ஆகிறான்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தைப் பற்றிக் கூறுவதைவிட உணவைப் பற்றியே மிகுதியாகக் கூறினார். முன் உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஒத்ததை, அளவோடு உண்பவனை நோய் அணுகாது என்பது அவர் கருத்து. இவ்வுண்மை மனிதனுக்கு மட்டும் உரியதன்று; அவனை அண்டி வாழும் ஆடு, மாடு, நாய், பூனை, கோழி ஆகிய எல்லா உயிர்க்கும் பொருந்தும். ஓர் உயிரின் பல், வயிறு, குடல் ஆகியவை எவ்வுணவிற்கென்று அமைந்துள்ளனவோ அவ்வுணவே அதன் இயற்கை உணவு. நமக்கு இனிப்பது அதற்கும் இனிக்கலாம். ஆனால் நாவிற்கு இனித்தது யாவும் வயிற்றுக்கு ஏற்றதாகிவிடாது.

பசுவின் வயிறு

பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலறை மிகப் பெரியது. பெரிய பசுவொன்றின் முதலறை நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். பசு புல்லை மேயும்போது நன்றாக மென்று விழுங்குவதில்லை. விரைந்து விழுங்கி முதலறையை நிரப்பிக்கொள்கிறது. பின்னர் நிழலில் படுத்து, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து மீண்டும் மெல்லுகிறது. இதனையே அசைபோடுதல் என்கிறோம். நலமுள்ள பசு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அப்பொழுது சுரக்கும் உமிழ்நீர் ஒரு நாளில் நூறு லிட்டரையும் கடக்கக்கூடும்.

முதலறையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைச் செரிக்கும் ஆற்றல் பசுவிற்கு இல்லை, அந்நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவை நாரைச் சிதைத்துச் சத்தாக்கித் தர, பசு அதனைப் பெற்றுப் பாலாகவும் தசையாகவும் உழைப்பாகவும் மாற்றுகிறது. எனவே, பசுவிற்கு உணவிடுவோர் உண்மையில் அதன் வயிற்றில் வாழும் அந்நுண்ணுயிர்களுக்கே முதலில் உணவிடுகின்றனர். நார் மிகுந்த உணவு வருமளவும் அவை செழிக்கும். உமிழ்நீரிலுள்ள காரம், வயிற்றில் புளிப்பு மிகாதவாறு காக்கும். இவ்வொழுங்கு சிதையுமாயின் பசுவின் நலமும் சிதையும்.

அன்பினால் நேரும் தீங்கு

திருப்பூர் மாநகரில் ஊத்துக்குளிச் சாலைப் பக்கத்தில் மண்ணரை என்னும் பகுதி உள்ளது. காஞ்சிமாநதி என்று முன்னோர் போற்றிய நொய்யல், அதனை அடுத்து ஓடுகின்றது. ஒரு காலத்தில் தனிச் சிற்றூராய் விளங்கிய இவ்விடம், இன்று பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. நூற்பும் பின்னலும் சாயமும் தையலும் பல்லாயிரவர்க்குப் பிழைப்பளிக்கும் இவ்வட்டாரத்தில், தெருக்களும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. மேய்ச்சல் நிலம் அருகிப்போயிற்று. ஆயினும், மாடு வளர்க்கும் பழக்கம் மக்களை விட்டு நீங்கவில்லை. இத்தகைய நகர்ப்புறங்களில் வளரும் மாட்டிற்குப் புல்லுக்கு ஈடாக வேறு எவை எவையோ உணவாகின்றன.

திருமண வீட்டில் எஞ்சிய சோறு, பாயசம், இனிப்பு ஆகியவற்றைக் கூடை கூடையாக மாட்டின் முன் கொட்டுவோர் உளர். மாட்டுப் பொங்கலன்று அன்பு மேலிட்டுப் பானைப் பொங்கலையும் பழச்சீப்புகளையும் அளவின்றி ஊட்டுவோரும் உளர். ஒரு பிடிப் பொங்கலால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் வேகவைத்த சோறு மிகுதியாக உள்ளே சென்றால், அது முதலறையில் விரைவில் புளித்து அமிலமாக மாறுகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடுதலை நிறுத்துகிறது; வயிறு உப்புகிறது; கால்கள் தள்ளாடுகின்றன. உடனே மருத்துவம் செய்யாவிடில் ஓரிரு நாளில் உயிரும் பிரியும். பொங்கல் திருநாளை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் இதுபற்றி மக்களை எச்சரித்து வருகின்றனர்.

திருமூலர், எவரும் எளிதில் செய்யக்கூடிய அறங்களை எண்ணிய இடத்தில், பசுவிற்கு ஒரு வாயளவு தீனி அளித்தலையும் ஒன்றாக வைத்தார். அளித்தல் அறமே, அளிக்கும் பொருள் இன்னது என அறிதலும் அவ்வறத்தின் ஒரு பகுதியே ஆகும்.

மற்றொரு தீங்கும் உண்டு. எஞ்சிய உணவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருவில் எறிகின்றனர். பசித்த மாடு பையைப் பிரித்து உண்ண அறியாது, பையோடு விழுங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. முதலறையிலேயே தங்கித் திரண்டு கட்டியாகிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவிற்கு அறுவை மருத்துவம் செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தனர். வயிறு நிறைந்திருந்தும் அப்பசு பட்டினியால் வாடியது என்றே கூற வேண்டும். அவ்வாண்டு சனவரித் திங்கள் முதல் நாள் தொட்டே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை நடைமுறையில் உள்ளது. சட்டம் செய்யக்கூடியது ஒரு பாதி. எறியும் கை அடங்குதல் மறுபாதி.

இங்கிலாந்து கற்ற பாடம்

இயற்கைக்கு மாறான உணவால் விளையும் தீமை எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு இங்கிலாந்து நாட்டில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். அங்கே மாடுகள் விரைவில் கொழுக்கவும் மிகுதியாகப் பால் சுரக்கவும் வேண்டி, இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் கலந்தனர். புல்லுண்ணும் உயிர் ஊனுண்ணுமாறு செய்யப்பட்டது. மாடு மாட்டையே உண்ணும் நிலையும் நேர்ந்தது. 1986-ஆம் ஆண்டில் புதியதொரு நோய் கண்டறியப்பட்டது. நோயுற்ற மாட்டின் மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டது. அது நிற்க மாட்டாமல் தடுமாறி விழுந்து மடிந்தது. பைத்திய மாட்டு நோய் என்று உலகம் அதற்குப் பெயரிட்டது.

ஊன் கலந்த தீவனமே நோயைப் பரப்பியது என்று தெளிந்தபின், அசைபோடும் விலங்குகளுக்கு அத்தகைய தீவனம் இடுதலை 1988-இல் அந்நாட்டரசு தடை செய்தது. ஆயினும் அதற்குள் நோய் பரவிவிட்டது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. நோய் மேலும் பரவாதிருக்கப் பல லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. நோயுற்ற இறைச்சியை உண்ட மனிதருக்கும் அந்நோய் தொற்றியது என்பது 1996-இல் வெளிப்பட்டது. சிறிது ஊதியம் கருதி இயற்கையின் எல்லையைக் கடந்ததற்கு அந்நாடு கொடுத்த விலை பெரிது.

கொங்கு நாட்டுக் கட்டுத்தரை

இத்தகைய ஆராய்ச்சிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கொங்கு நாட்டு உழவர் தம் பட்டறிவினால் மாட்டின் வயிற்றை நன்கறிந்திருந்தனர். மாடு கட்டும் இடத்தைக் கட்டுத்தரை என்பது அந்நாட்டு வழக்கு. சோளமும் கம்பும் விளைந்தால் கதிர் மனிதனுக்கு, தட்டு மாட்டிற்கு. சோளத்தட்டைக் காயவைத்துப் போராக அடுக்கிக் கோடைக்கு ஈட்டி வைப்பர். நிலக்கடலை பறித்தபின் கொடி மாட்டிற்காகும். கடலையையும் எள்ளையும் ஆட்டி எண்ணெய் எடுத்தபின் புண்ணாக்கு மாட்டிற்காகும். அரிசி கழுவிய நீர் தாழியில் சேர்ந்து, தவிடும் சேர்ந்து, கழுநீராகும். மனிதன் உண்ணக்கூடாதது மாட்டிற்கு உணவாகும்; மாட்டின் சாணம் நிலத்திற்கு உணவாகும்; நிலம் மீண்டும் இருவர்க்கும் உணவளிக்கும்.

பருத்தி விளையும் நாடாதலின் பருத்திக்கொட்டையும் மாட்டின் உணவில் இடம்பெற்றது. பஞ்சு ஆலைக்குச் சென்று நூலாகி ஆடையாயிற்று. கொட்டையோ உழவன் வீட்டு ஆட்டுக்கல்லில் அரைபட்டு உழைக்கும் எருதிற்கும் கறவைப் பசுவிற்கும் ஊட்டமாயிற்று. இளங்கன்றுக்கு அதனை மிகுதியாக இடமாட்டார். கன்றின் முதலறை வளர்ச்சியுறாமையால் பருத்திக்கொட்டையிலுள்ள நச்சுப்பொருளைத் தாங்கும் வலிமை அதற்கில்லை என்று இன்றைய அறிவியல் காரணம் காட்டுகிறது.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம்

கொங்கு நாட்டின் சிறப்பு கட்டுத்தரையோடு முடிவதன்று. திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம் பகுதிகளிலும் அவற்றை அடுத்த வட்டாரங்களிலும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. மேற்கு மலைத் தொடரின் மழைமறைவில் அமைந்த இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. பரற்கற்கள் விரவிய வறண்ட நிலம். வேறு பயிர் செழிக்க மாட்டாத அந்நிலத்தை வீணென்று கைவிடாது, விலங்குகளின் உணவுக்களமாக அமைத்த அறிவு போற்றத்தக்கது.

கொறங்காட்டைச் சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைப்பர். முள்ளடர்ந்த அவ்வேலி உள்ளிருக்கும் கால்நடை வெளியேறாமலும், வெளியிலிருப்பது உள்ளே புகாமலும் காக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் பரந்திருக்கும். வேர் ஆழ ஊன்றி வறட்சியைத் தாங்குவது அப்புல்லின் இயல்பு. ஒரு மழை பெய்தால் போதும். காய்ந்து கிடந்த தூர் மீண்டும் தளிர்க்கும். புல்லுக்கிடையே செப்புநெருஞ்சி முதலிய பூண்டுகள் படரும். ஆங்காங்கே வெள்வேல மரங்கள் நிழல் பரப்பி நிற்கும். கோடையில் புல் காய்ந்த காலத்தில் வெள்வேல நெற்றுகள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்கு உணவாகும். அவற்றின் விதைகள் ஆட்டின் வயிற்றினூடே சென்று எருவோடு விழுந்து, மழை வந்ததும் முளைக்கும். மரம் ஆட்டை வளர்க்க, ஆடு மரத்தை வளர்க்கிறது.

உழவர் தம் நிலத்தைப் பல கொறங்காடுகளாகப் பகுத்து, ஒன்றில் புல் குறைந்தவுடன் கால்நடைகளை அடுத்ததற்கு மாற்றுவர். மேய்ந்த நிலம் ஓய்வு பெற்று மீண்டும் செழிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கம்போ விதைத்து, பின்னர் மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு. மாடு, எருமை, செம்மறியாடு ஆகியவை அங்கே விரும்பியதை மேய்ந்து, விரும்பிய நிழலில் படுத்து அசைபோடுகின்றன. மனிதனது காவலில் இருந்தும், தேர்வுரிமையை இழவாத வாழ்வு அது. உணவும் உலவுதலும் நிழலும் ஓய்வும் ஒருங்கே அமைந்தமையால், கொறங்காட்டில் வளரும் விலங்கிற்குத் தனியே பேணுதல் வேண்டுவது சிறிதே.

இந்நிலத்தின் கொடையே காங்கயம் மாடு. பிறக்கும்போது கன்று செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு திங்களில் நிறம் மாறிச் சாம்பல் நிறம் பெறும். காளையின் திமிலும் முன்பின் பாகங்களும் கருமை பாய்ந்து தோன்றும். மயிலை, செவலை, காரி என நிறத்தால் இவற்றிற்குப் பெயரிட்டழைப்பர். இம்மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்துப் புல்லின் வழியே சென்று எலும்பிற்கு உறுதி தருகிறது என்பர் உழவர். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்த பொலிகாளைகளைப் பேணி இவ்வினத்தைச் சிறக்கச் செய்தனர். சென்னை மாகாணத்தின் கால்நடைத் துறையில் பணியாற்றிய லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேயர், தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-இல் வெளியிட்ட நூலில் காங்கயம் இனத்தையும் விளக்கியுள்ளார்.

கவலை இறைக்கவும், ஏர் உழவும், பாரவண்டி இழுக்கவும் காங்கயம் எருதுகளே பயன்பட்டன. மின்னிறைப்பான் வந்தது, உழுபொறி வந்தது, சரக்குந்து வந்தது. எருதின் வேலை குறைந்தது. இனத்தின் எண்ணிக்கையும் குறைந்தது. மாடு குறையவே கொறங்காட்டைப் பேணும் ஆர்வமும் தளர்ந்தது. வேலி அழிந்து மனையாகவும் தொழிற்கூடமாகவும் மாறிய நிலங்கள் பல. எனினும், குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் போன்ற அமைப்புகளும் உழவர் பலரும் மாட்டினத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்துக் காக்க முயன்று வருகின்றனர். மாட்டை மட்டும் காத்து, அதன் புல்லைக் காவாது விட்டால் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

நீரும் உணவே

உணவு என்னும் சொல் நீரையும் உள்ளடக்கும். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியோடு கலக்கும் நொய்யல், கரையோர மக்களுக்கும் கால்நடைகளுக்கும் ஒருங்கே நீரளித்து வந்தது. பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயக்கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்குமிடமாயிற்று. பயிர்கள் கருகின, கிணறுகள் உவர்த்தன, அந்நீர் கால்நடைகளுக்கும் ஆகாததாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியில், கழிவுநீரை முற்றிலும் தூய்மை செய்யாத சாயச்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் தொழிலுக்கே பயன்படுத்தும் முறை அதன்பின் வலுப்பெற்றது. ஆறு கெட்டால் அதன் கரையிலுள்ள மாட்டின் தாழியும் கெடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நாயும் பூனையும்

வீட்டைக் காக்கும் நாயின் உணவு வேறு. நாய் ஓநாயின் வழிவந்தது. ஆதலின் பச்சை ஊனே அதன் இயற்கை உணவு என்று சிலர் கருதுவர். அக்கருத்து முழுதும் சரியன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்தமையால் நாயின் வயிறும் மாறியுள்ளது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபுக்கூறு ஓநாயில் இரண்டு படிகளே உள்ளது. நாயிலோ அது நான்கு முதல் முப்பது படிகள்வரை காணப்படுகிறது என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர்கள் 2013-இல் கண்டறிந்தனர். ஆகவே, பட்டி காக்கும் நாய்க்குக் கம்பஞ்சோறு இட்ட முன்னோர் பிழை செய்யவில்லை. ஆயினும் சோறு மட்டும் நாய்க்குப் போதாது. முட்டை, மீன், வேகவைத்த இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர்தல் வேண்டும்.

நாய்க்கு ஆகாதனவும் உள. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, பச்சையாயினும் உலர்ந்ததாயினும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சாகும். எஞ்சிய குழம்பையும் பாயசத்தையும் நாய்க்கு ஊற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

பூனையோ முற்றிலும் ஊனுண்ணி. பாலும் சோறும் கொண்டே பூனையை வளர்த்துவிடலாம் என்பது பலர் எண்ணம். வளர்ந்த பூனைகளுள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. அன்றியும், டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே அதனைப் பெறவேண்டும். அது குறைந்தால் பார்வை மங்கும். இதயம் வீங்கித் தளரும். ஆலையில் செய்த தீவனத்தை உண்ட பூனைகள் பல இதய நோயால் மடிவதைக் கண்ட அமெரிக்க நாட்டு மருத்துவர்கள், டாரின் குறைவே அதற்குக் காரணம் என்பதை 1987-இல் வெளிப்படுத்தினர். அதன்பின் தீவனங்களில் அச்சத்து மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. தான் ஊனுண்ணாத அறத்தை மேற்கொண்டவர், அவ்வறத்தைப் பூனையின் மேல் ஏற்றுதல் அதற்குத் துன்பமாக முடியும். அத்தகையோர் பூனைக்கு ஈடாகக் கன்றோ ஆடோ வளர்க்கலாம்.

கடையில் விற்கும் தீவனம் யாவும் தீது என்பதும் பொருந்தாது. யாவும் நன்று என்பதும் பொருந்தாது. 2007-இல் வட அமெரிக்காவில், மெலமின் என்னும் வேதிப்பொருள் கலந்த தீவனத்தை உண்டு நாய்களும் பூனைகளும் பல சிறுநீரகம் கெட்டு இறந்தன. கோதுமைப் பசையில் சத்து மிகுதியெனக் காட்டும் பொருட்டு வணிகர் அதனைக் கலந்திருந்தனர். நம் கண்முன் ஆக்கிய எளிய உணவில் இவ்வையம் இல்லை. ஆனால் இன்ன உயிர்க்கு இன்னது வேண்டும் என்னும் அறிவு ஆக்குவோர்க்கு வேண்டும்.

கோழியின் இரை

கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கிய தானியத்தை, தசை மிகுந்த அரைவைப்பையில் சிறு கற்களின் உதவியால் அரைத்துக்கொள்கிறது. ஆகவே, கோழி மண்ணைக் கிளறிக் கல் பொறுக்குதல் வீண் விளையாட்டன்று. குஞ்சுகளுக்குப் புழு பூச்சியே சிறந்த ஊட்டம். இதனை அறிந்த சிற்றூர் மக்கள், பழைய மண்கலயத்தில் உலர்ந்த சாணத்தையும் கிழிந்த கோணித் துண்டையும் இட்டு, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் இரவு முழுதும் கவிழ்த்து வைப்பர். விடியலில் எடுத்துப் பார்த்தால் கலயம் நிறையக் கறையான் இருக்கும். காசு கொடாமலே குஞ்சுகளுக்கு இரை கிடைத்துவிடும்.

இயற்கை என்பதன் எல்லை

இயற்கையாக விளைந்தது என்ற ஒன்றே ஒரு பொருளை நல்லுணவு ஆக்கிவிடாது. மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் கொடிய நஞ்சு ஊறும்; அதனை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பூத்து முற்றிய சோளத்திலும், அறுத்துக் காயவைத்த தட்டிலும் அவ்வச்சம் குறைவு. கொங்கு உழவர் தழையும் இளஞ்சோளக் காட்டில் மாட்டை விடாமல் காத்தமைக்கு இதுவே காரணம். பச்சை இறைச்சியிலும் நோய்க்கிருமிகளும் புழுக்களும் இருக்கலாம்; வேகவைத்து இடுதலே வீட்டிற்கும் விலங்கிற்கும் நன்று.

உணவு நன்றாக இருந்தால் மருத்துவரே வேண்டா என்று கருதுவதும் தவறு. வெறிநாய்க்கடி நோய் முற்றிய பின் அதனைத் தீர்க்கும் மருந்து உலகில் இல்லை. நாய்க்கு ஆண்டுதோறும் இடும் தடுப்பூசியே காவல். மாட்டிற்கு வரும் கோமாரிக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி இடல் வேண்டும். இதனோடு முன்னோர் மருந்துகளுள் பயனுடையவற்றையும் அறிஞர் ஒதுக்கவில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியம் உழவரிடையே பரப்பி வருகிறது. உரிய உணவு, தூய நீர், நிழல், உலவ இடம், தூய்மையான தங்குமிடம், காலத்தில் மருத்துவம், அன்பு ஆகிய இவை யாவும் சேர்ந்ததே முழுமையான பேணுதல். அவற்றுள் உணவு நாள்தோறும் நம் கையால் நிகழ்வதாதலின் முதலிடம் பெறுகிறது.

நம் கடமை

மாணவர்களே! மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. செல்வத்தை வைத்திருப்போர் அதன் வகையறிந்து காக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஓர் உயிருக்கு உணவிடும்போது, ‘இதன் பல் எத்தகையது? வயிறு எத்தகையது? இஃது இதற்கு ஏற்குமா?’ என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். காய்கறித் தோலையும் கீரைத்தண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டாது தனியே கொண்டு சென்று மாட்டின் முன் இடுங்கள். வெயிற்காலத்தில் வாசலில் ஒரு தாழி நல்ல நீர் வையுங்கள். ஊரில் எஞ்சியுள்ள புல்தரையையும் குளக்கரையையும் குப்பைமேடாக விடாதீர்கள். அவை வெற்றிடங்கள் அல்ல. வாயில்லா உயிர்களின் உணவுக்கலங்கள்.

மண்ணரையில் நெய்யும் ஆடை கடல் கடந்து செல்கிறது. அவ்வாடைக்குரிய பருத்தியின் கொட்டையை உண்டு உழைத்த எருதும், அதன் புல்லை வளர்த்த கொறங்காடும் இவ்வட்டாரத்தின் பழஞ்செல்வங்கள். தொழில் வளரட்டும், அதனோடு அச்செல்வங்களும் வாழட்டும். கட்டிய கயிற்றின் ஒரு முனை விலங்கின் கழுத்தில் உள்ளது. மறுமுனை மனிதனின் கடமையில் கட்டப்பட்டுள்ளது.